கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் எழுதிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனின் இடது கை சும்மா இருக்காது. சுண்டுவிரல் ஓரிடத்தில் ஊன்றிக்கொள்ள, நடுவிரல் ஒரு தட்டுத் தட்டும். சோற்றுத் தட்டின் விளிம்பில் தட்டும். பேருந்துக் கம்பியில் தட்டும். சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தொடைமேல் தட்டும். கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்த புதிதில் அது நரம்புக் கோளாறு என்று நினைத்தேன். கேட்டால் வருத்தப்படுவாரோ என்று இரண்டு வருடம் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அப்படித்தான். பேருந்தில் என் நிறுத்தம் வந்தாலும் வேறு யாராவது இறங்கினால்தான் நானும் இறங்குவேன்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க நெல்லித்தோப்புக்குப் போனேன். அங்கே ஒரு மாடியில், கோவிந்தராசு ஐயாவின் ஸ்டூடியோவில் அவர் வீடியோ மிக்ஸிங் செய்கிறார். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று யாரோ எடுத்து வரும் படங்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பார்க்கிற மாதிரி ஆக்கித் தருகிற வேலை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். வலது கை மவுஸில் இருக்க, இடது கை அதே இரண்டு விரலால் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. செய்த வேலையைப் பத்திரப்படுத்தும் தட்டல் அது. அந்தக் கம்ப்யூட்டர் எப்போது உறைந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நின்றால் தட்டாமல் விட்டதெல்லாம் போய்விடும்.

ஒருமுறை அப்படித்தான் ஒரு தாலி கட்டும் காட்சி போனது. இரண்டு நாள் வேலை. பெண் வீட்டார் எதிரிலேயே ஐயா அவரை நிற்க வைத்துப் பேசினார். "கமலு, ஒங்கப்பா பஞ்சு மில்லுல நூலு அறுந்தா முடி போட்டுட்டுப் போயிருப்பாரு. நீ தாலியையே அறுத்துட்டு நிக்கிறியே" என்றார். அதை வீட்டுக்கு வந்து இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்கும்போதும் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவர் எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கடையில் செய்து வைத்திருப்பதை வாங்குவதில் அவருக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தானே தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். ஸ்டூடியோவில் மிஞ்சிப்போகிற கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் வீட்டில் நிறைய இருக்கும். அவற்றின் வெள்ளையான பின்பக்கத்தில் பட்டியல் போடுவார். முன்பக்கத்தில் யாரோ இருவர் பெயர், பிள்ளையார் படம். பின்பக்கத்தில் பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட். நான்கு வருடத்தில் பதினொரு பத்திரிகை சேர்ந்தது. விலை ஏறும், புது மாடல் வரும், அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அந்தப் பட்டியலில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று எட்ட நின்றே எனக்குத் தெரியும். அவர் அதைக் கவனித்து, ஒருநாள் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இங்க பாரு அஞ்சலா. பிராசசருன்னா தெக்கிற ஆளு. நீதான்னு வெச்சுக்கயேன்."

"சரி."

"ராமுன்னா நீ துணி விரிக்கிற மேச. மேச சின்னதா இருந்தா எவ்ளோ வேகமான ஆளா இருந்தாலும் மடிச்சு மடிச்சுத்தான் வெட்டணும். ஸ்டூடியோவுல இப்ப அதான் நடக்குது."

"மதர்போர்டு?"

"அதுதான் வீடு. எல்லாரும் அதுலதான் ஒக்காரணும்."

"அப்ப இந்த கிராபிக்ஸு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அது எம்ப்ராய்டரி மிஷின் மாதிரி. படத்துக்கு."

எங்கள் மகள் இனியா பத்தாவது படிக்கிறாள். உள்ளிருந்து கத்தினாள். "பொய் சொல்லாதப்பா! அது கேமுக்கு. மிக்ஸிங்குக்கு அவ்ளோ பெரிய கார்டு வேணாம்மா. இவருக்குக் கார் ஓட்டணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் காசு கொடுத்து உட்கார்ந்து கார்ப் பந்தயம் ஆடுவாராம். பிறகு விட்டுவிட்டார். நாற்பத்தொரு வயதில் மறுபடி ஆசை வந்திருக்கிறது. அதை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். யார் கேட்டாலும் "தொழிலுக்குத்தான்" என்பார். கடைக்காரரிடம் மட்டும் ஒருமுறை, குரலை இறக்கி, "கொஞ்சம் கேமும் ஓடணும் பா" என்றார். நான் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டுச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை பலூன் கேட்பது போல இருந்தது.

ஒவ்வொரு முகூர்த்த மாதத்துக்கும் ஒரு பாகம் என்று வாங்கினார். முதலில் கேபினெட் என்கிற வெளிக்கூடு வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே விளக்குகள். எதிர்வீட்டு அஞ்சுகம் எட்டிப் பார்த்து, "மீன் எப்ப வுடப்போறீங்க?" என்றாள். பிறகு மானிட்டர். பிறகு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பிறகு ராம். ஆவணியில் மதர்போர்டு. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான் விலை கூடியவை. அவற்றைக் கடைசியில், தை மாதம் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கடையிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். மதர்போர்டுப் பெட்டியைப் பட்டுப்புடவை இருக்கும் தட்டில், பீரோவுக்குள் வைத்தார்.

ஆயுதபூஜை வந்தது. அன்று அவர் ஸ்டூடியோ பூஜைக்குப் போய்விட்டார். போகும்போது, "அந்தப் பெட்டிங்களையும் சாமிகிட்ட வெச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இனியா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வீட்டைக் கழுவி, தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்தரிக்கோலுக்கு வைத்தேன். அரிவாள்மனைக்கு, கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு, இனியாவின் ஜாமெட்ரி பாக்ஸுக்கு. கண்ணாடிக் கேபினெட்டுக்கு நாலு மூலையிலும் வைத்தேன். கடைசியில் மதர்போர்டுப் பெட்டி.

அட்டைப் பெட்டிக்குப் பொட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மிஷின் வாங்கி வந்தால் மிஷினுக்குத்தானே வைப்போம், அது வந்த அட்டைக்கா வைப்போம்? இதுதான் வீடு, எல்லாரும் இதில்தான் உட்கார வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்தேன். வெள்ளிக் காகிதம் போன்ற உறைக்குள் கறுப்புப் பலகை. எங்கும் சின்னச் சின்னச் சாமான்கள், விரல் வைக்க இடமில்லை. நடுவில் மட்டும் சதுரமாக ஒரு கறுப்பு மூடி. நகத்தால் நெம்பினேன், வந்துவிட்டது. அடியில் இரும்புச் சட்டம் போட்டு, உள்ளே பொன் நிறத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வரிசையாக மின்னின. இதுதான் நெற்றி என்று நினைத்தேன். மோதிர விரலால் சந்தனம் எடுத்து நடுவில் வைத்தேன். அதன்மேல் குங்குமம். அழகாக இருந்தது. சூடம் காட்டிவிட்டு, மூடியை அழுத்தி, உறைக்குள் போட்டு, பெட்டியில் வைத்துப் பீரோவுக்குள் பழையபடி வைத்தேன். அவர் வந்ததும், "எல்லாத்துக்கும் வெச்சியா?" என்று கேட்டார். "வெச்சேன்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை. அவரும் இனியாவும் கைப்பேசியில் கம்ப்யூட்டர் மாட்டுவது எப்படி என்ற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். பேசுகிறவர் தமிழில்தான் பேசினார். "பிராசசர் ஒக்கார்ற எடத்துல இருக்குற பின்னுங்கள வெரலால கூட தொடாதீங்க. ஒண்ணு வளஞ்சாலும் போர்டு காலி. வாரன்டியும் கெடையாது" என்றார்.

"ஏம்ப்பா, தும்மக்கூடக் கூடாதா?" என்றாள் இனியா.

"நீ வூட்லயே இருக்கக் கூடாது அன்னிக்கு" என்று அவர் சிரித்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். திரையில் அதே கறுப்பு மூடி. அதே சதுரம். அதே பொன் புள்ளிகள். ஊசி என் விரலில் ஏறியதுகூட ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் கடைக்குக் கொண்டுபோய், தெரிந்தவர் கையால் சுத்தம் செய்திருப்பார்கள். வெறும் சந்தனம்தானே. இதை நான் இப்போது எழுதும்போது எளிதாக இருக்கிறது. அன்று வாய் வரவில்லை. மறுநாள் இருவரும் போன பிறகு பீரோவைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. காது குடையும் பட்ஸால் துடைத்தேன். பஞ்சு பிரிந்து புள்ளிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அந்தப் பஞ்சை எடுக்க ஊசியை எடுத்தேன். என் கண் கூர்மையில், என் கைநிதானத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஜாக்கெட்டில் இழுத்த நூலை எடுப்பது போல ஒவ்வொரு இழையாக எடுத்தேன். எடுத்து முடித்தபோது சந்தனத்தின் மஞ்சள் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நேராக ஓடிய வரிசை நடுவில் கலைந்திருந்தது. மூடியைப் போட்டு மூடினேன்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோவில் தேங்கிய வேலையை முடிக்கிற மாதம் அது. ஒரு சாயங்காலம் அவர் கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார்.

"ஐயாகிட்ட சொல்லிட்டேன் அஞ்சலா. தையிலேர்ந்து வரலன்னு."

நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன்.

"என்னா சொன்னாரு?" என்று இனியாதான் கேட்டாள்.

"என்னா சொல்லுவாரு. 'போய்ட்டு வா கமலு, நல்லாரு. ஆனா ஒன் நாற்காலில வேற ஆள ஒக்கார வெச்சுடுவேன். திரும்பி வந்து நிக்காத'ன்னாரு." அவர் ஜிலேபியை என் பக்கம் தள்ளினார். "நாம ஏன் போயி நிக்கப்போறோம்? தையில மூணு கல்யாணம் இப்பவே கைல இருக்கு."

நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, "சாப்புடுறீங்களா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். இந்த ஒரு நாளை நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

தை பிறந்து நாலாம் நாள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாங்க அவர் கிளம்பினார். எல்லாப் பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றி இனியாவை அதில் அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "நீயும் வா. மொதோ சுவிட்ச்ச நீதான் போடணும்" என்றார். நான் வரவில்லை என்றேன். விடவில்லை. வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

கடை புஸ்ஸி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கடைக்காரர் மதிவாணன் இவர் வயதுக்காரர். "வாங்கக்கா, ஒக்காருங்க. ஒரு மணி நேரத்துல ஒங்க கையில குடுத்துடுறேன்" என்றார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் உட்காராமல் கதவோரம் நின்றேன். மதிவாணன் மேசையில் துணி விரித்து மதர்போர்டை எடுத்தார். மூடியை எடுத்தார். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். அவர் கை அப்படியே நின்றது.

"கமலு, இத யாரு தொறந்தா?"

"யாரும் தொறக்கலையே. பீரோவுல இருந்துச்சு."

"பின்னு வளஞ்சிருக்கு பா. ஒண்ணு ரெண்டில்ல."

இவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. "வாங்குனப்ப நீ தொறந்து காட்டலையே மதி. எவனோ திருப்பிக் குடுத்தத எந்தலையில கட்டிட்டியா?"

"யோவ், பாத்துப் பேசு."

"என்னா பாத்துப் பேசுறது? நாலு வருஷமா ஒங்கிட்டதான வரேன்? வேற கடைக்குப் போனனா? இப்புடித்தான் செய்வியா?"

பதினாறு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. சந்தில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இனியா, "அப்பா, அப்பா" என்று கையைப் பிடித்தாள். மதிவாணன் ஒரு பெரிய லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு மதர்போர்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார். "யோவ், சந்தனம்யா இது! ஓரத்துல குங்குமம் கூட இருக்கு."

 நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "பொட்டு மட்டுந்தானா, பூ சுத்தலையா?" என்றார். இன்னொருவர், "எலுமிச்சம்பழத்த எங்கண்ண வெச்சு நசுக்குனீங்க?" என்றார். மதிவாணனுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. "நான் பழசத் தள்ளிட்டேன்னு கத்துனியே. இப்பச் சொல்லு. அந்தக் கேமு கார்டுக்கும் ஒரு பொட்டு வெச்சுக் குடுக்கட்டுமா?" என்றார்.

அவர் கேம் ஆடுவதற்கு வாங்குகிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான் வெச்சேன்" என்றார்.

"நீயா?"

"ஆயுதபூஜைக்கு வெச்சேன். மறந்துட்டேன் பா. ஒன்னியச் சொன்னது தப்பு, மன்னிச்சுக்க."

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அவரில்லை, நான்' என்று இரண்டு வார்த்தை. கடையில் இருந்ததே என்னோடு சேர்த்து ஆறு பேர்தான். இனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் நின்றேன். அவர்தான் வைத்தார் என்றே அவர்கள் எல்லாரும் நம்ப விட்டுவிட்டு நின்றேன்.

இனியா மற்றச் சாமான்களோடு ஆட்டோவில் போனாள். மதர்போர்டுப் பெட்டி மட்டும் என் மடியில். முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் வண்டியை அணைத்தார். முன்னும் பின்னும் வண்டிகள். திரும்பாமலே கேட்டார்.

"பொட்டு வெச்சது சரி. எப்பத் தொடச்ச?"

"மழ நாள்ல."

"எத வெச்சு?"

"பட்ஸு. அப்புறம் ஊசி."

ரயில் இன்னும் வரவில்லை. பக்கத்து வண்டிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பினார்.

"ஐயாகிட்ட சொல்லிட்டு ஜிலேபி வாங்கினு வந்தனே, அன்னிக்கு ஒனக்குத் தெரியுமா?"

அவர் முதுகை மட்டும்தான் நான் பார்த்தேன். "தெரியும்" என்றேன்.

ரயில் போனது. கேட் திறந்தது. அவர் வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்தும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இனியா எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடாமல், தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டாள்.

பிராசசருக்கும் கார்டுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது, புது மதர்போர்டு வாங்குவது உடனே ஆகிற காரியமில்லை. கையில் இருந்த மூன்று கல்யாணமும் தேதி தவறக் கூடாதவை. அவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காரணமாக உடம்பு சரியில்லை என்றார்.

ஒன்பதாம் நாள் நான் யாரிடமும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நெல்லித்தோப்பில் சரிதா என்று ஒரு பெண் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவள். பூதக்கண்ணாடி வைத்து நுணுக்கமாக ஒட்டுவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேருந்தில் அந்த நிறுத்தத்தில் யாரும் இறங்கவில்லை. எழுந்து நானே "எறக்கம்" என்று சொல்லி இறங்கினேன்.

சரிதா அதை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, பக்கத்துத் திரையில் எனக்கும் காட்டினாள். "பாருக்கா, மாடு எறங்குன நாத்தங்காலு மாதிரி இருக்கு. யாரு பண்ணது?"

"நான்தான்" என்றேன். "நான்தான் பொட்டு வெச்சேன். நான்தான் ஊசியால நோண்டினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பாடா" என்றாள். "எட்டு வருஷமா கட வெச்சிருக்கேன். எல்லாருக்கும் தானா வுழுந்துது, தானா ஒடஞ்சுதுதான். இன்னிக்குத்தான் ஒரு ஆளு வந்து நான்தான்னு சொல்லுது." பிறகு என்னைப் பார்த்து, "அழாதக்கா, லென்ஸு கலங்குது" என்றாள்.

நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினாள். ஒன்று முறிந்துபோனது. அதற்கு அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, எங்கே போனேன், அங்கே என்ன சொன்னேன் என்று சொன்னேன். அவர் மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கா" என்றார். மதிவாணன் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே, வீடியோவைப் பார்த்துப் பார்த்து, இனியா டார்ச் பிடிக்க, அவரே மாட்டினார். சுவிட்ச்சை இனியா போட்டாள். என்னைப் போடச் சொல்லி அவர் கூப்பிடவில்லை. நானும் கிட்டே போகவில்லை. விளக்குகள் எரிந்தன.

ஆனால் அதற்குள் தை முகூர்த்தங்களுக்கெல்லாம் வேறு ஆள் பிடித்துவிட்டிருந்தார்கள். மாசி முதல் வாரத்தில் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு ஐயாவைப் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும், "என்னா சொன்னாரு?" என்று இந்த முறை நான் கேட்டேன்.

"திரும்பி வந்து நிக்காதன்னு அப்பவே சொன்னேனேன்னாரு." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "கொஞ்ச நேரம் நிக்க வெச்சாரு. அப்புறம் போயி ஒக்காருன்னாரு. என் நாற்காலில புதுசா ஒருத்தன். எனக்கு ஆல்பம் டிசைனு. மிக்ஸிங்கு கெடையாது."

இப்போது பங்குனி நடக்கிறது. அவர் பகலில் ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில், அந்த ஒரு பின் முறிந்ததால், ராம் சொருகும் இரண்டு இடங்களில் ஒன்றுக்கு உயிரில்லை. அதனால் பெரிய கல்யாண வீடியோக்களை எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிறந்தநாள், காதுகுத்து போன்ற சின்ன வேலைகள் மாதம் இரண்டு வருகின்றன. கார்ப் பந்தயத்தை அவர் இன்னும் அதில் போடவில்லை. இனியா இரண்டு முறை கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்கிறார். என்னோடு பேசுகிறார், சாப்பிடுகிறார், தைத்த ரவிக்கைகளை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மதிவாணன் கடையில் அவருக்குச் 'சந்தனம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் அந்தச் சந்து முனை வரை இரண்டு முறை போனேன். உள்ளே போய் இன்னும் சொல்லவில்லை.